ஆள் இல்லாத படங்கள்

ஜனவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சளி போன வாரத்தோடு போய்விட்டது. நீயும் உன் வீட்டுக்காரியும் சுகம்தானே?

உன் அக்கா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் மாடி அறையைப் பூட்டியே வைத்திருந்தேன். போன திங்கள்கிழமை திறந்தேன். படங்கள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. உனக்குத்தான் தெரியுமே, நாற்பத்தொரு கல்லச்சுப் படங்கள், ஒவ்வொன்றும் நூறு வருஷத்துக்கு முந்தையது. மலை, ஆறு, ஏரி, கணவாய். ஒன்றில்கூட மனுஷ நடமாட்டம் கிடையாது. நில அளவைத் துறையில் முப்பது வருஷம் சங்கிலி பிடித்து, எல்லைத் தகராறுக்காரர்களிடம் வாங்கிய வசவுக்கெல்லாம் அதுதான் எனக்கு மருந்து. ஆள் இல்லாத படமாகத் தேடித் தேடி வாங்கினேன்.

இப்போது கணவாய்ப் படத்தில், வலது ஓரப் பாறைக்குக் கீழே, ஓர் உருவம் நிற்கிறது. மஞ்சள் நிறம். உயரம் இருபது மில்லிமீட்டர். அளந்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கையால் தீட்டியது போலத் தெரியவில்லை, கல்லச்சுக்கே உரிய பொடிப்பொடிப் புள்ளிகள் இருக்கின்றன. அந்தப் படம் ஏழு வருஷமாக என்னிடம் இருக்கிறது. தினம் பார்த்த படம். என் கண்ணுக்கு இது தப்பியிருக்க வாய்ப்பே இல்லை.

நீ அச்சகத்தில் இருப்பவன். பழைய கல் ஒன்றையும் கை அச்சுப்பொறியையும் உங்கள் முதலாளி இன்னும் ஓட்டுகிறார் என்று சொல்லியிருக்கிறாய். அச்சடித்து நூறு வருஷம் கழித்து ஒரு மை புதிதாக மேலே வருமா? எனக்கு விளங்கும்படி எழுது.

அன்புடன்,
அத்தான்

ஜனவரி 24

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லாரும் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம். உங்கள் சளி போனது சந்தோஷம். மழைக்காற்றில் மாடி ஜன்னலைத் திறந்துபோட்டு உட்கார வேண்டாம்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஒரு வண்ணப் படத்துக்கு ஒரே கல் போதாது. நிறத்துக்கு ஒரு கல். வானத்து நீலத்துக்கு ஒன்று, புல்லுக்கு ஒன்று, பாறை நிழலுக்கு ஒன்று என்று பத்துப் பன்னிரண்டு கல் இருக்கும். கொழுப்புக் கலந்த குச்சியால் கல்மேல் வரைவார்கள், கல்லை ஈரமாக்கி மை உருட்டினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும். ஒரே தாள் அத்தனை கல்மேலும் படிந்து எழ வேண்டும். அதனால் ஒரு பிரதி மாதிரி இன்னொரு பிரதி இருக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது. பின்னால் அடித்தவற்றில் யாராவது புதிதாக ஓர் உருவத்தைச் சேர்த்திருக்கலாம்.

சில மஞ்சள் மை இருட்டில் நெடுநாள் பூட்டிக் கிடந்தால் கருத்து மேலே வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அறை பூட்டியே கிடந்தது என்கிறீர்களே, அந்தப் போர்வை நிறம் அப்படித்தான் எழும்பியிருக்கும். இதைப் பெரிதுபடுத்திக்கொள்ள வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? ஒற்றை ஆளுக்கு எதற்கு அடுப்பு என்று இருந்துவிடாதீர்கள்.

உங்கள் மச்சான்

பிப்ரவரி 3

அன்புள்ள மச்சானுக்கு,

நலமாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன். உன் வீட்டுக்காரியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இன்னும் ஆறு படங்களில் வந்துவிட்டது. ஆற்று வளைவுப் படத்தில் மரப்பாலத்தின் நடுவில் நிற்கிறது. அருவிப் படத்தில் பாறை இடுக்கில். எல்லாவற்றிலும் முதுகு மட்டும்தான். ஒன்றில்கூட முகம் இல்லை. நேற்றுக் காலை பதினொரு மணிக்கு ஊசியிலைக் காட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, காலி என்று குறித்து வைத்தேன். இன்று அதே பதினொரு மணிக்கு எடுத்தால் இரண்டு மரங்களுக்கு நடுவே நிற்கிறது, அரிசி முனை அளவுக்கு.

சுற்றி வளைப்பானேன். அது உன் அக்கா. கடுகு நிறப் போர்வை. குளிர்காலம் முழுக்க அதைத்தானே போர்த்திக்கொண்டு வீட்டில் நடமாடுவாள். பார்த்ததும் தரையில் உட்கார்ந்து அழுதேன் மச்சான். அவள் போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல். உன் கடிதத்தில் 'அந்தப் போர்வை நிறம்' என்று எழுதியிருக்கிறாய். நான் போர்வை என்று எழுதவே இல்லை. மஞ்சள் உருவம் என்றுதான் எழுதினேன். பிறகு உனக்கு எப்படித் தெரிந்தது? உன்னிடமும் வந்தாளா? வந்திருந்தால் மறைக்காதே. எனக்குப் பொறாமை இல்லை.

அத்தான்

மார்ச் 2

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. அச்சகத்தில் வேலை நெருக்கடி. முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள்.

என்னிடம் யாரும் வரவில்லை. மஞ்சள் என்றதும் அக்காவின் போர்வை என் நினைவுக்கு வந்திருக்கும், கை தானாக எழுதியிருக்கும். வேறொன்றும் இல்லை.

நான் சொல்வதைக் கேளுங்கள். ஒரு பெட்டியில் நாலு துணியை எடுத்துப் போட்டுக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள். முன்னறை சும்மாதான் கிடக்கிறது. சாயங்காலம் நடக்கப் பூங்கா இருக்கிறது, சண்டை போட நான் இருக்கிறேன். தனியாக ஒரு வீட்டில் உட்கார்ந்து காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் என்னவோ போலத்தான் இருக்கும். கண்ணையும் ஒருதரம் வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்.

வருவீர்களா? ஒரு வரி எழுதினால் ரயிலடிக்கு வந்து நிற்கிறேன்.

மச்சான்

மார்ச் 10

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். கண் வைத்தியரிடம் காட்டிவிட்டேன். வயதுக்கு மிஞ்சின பார்வை என்றார். உன் அழைப்புக்கு நன்றி, ஆனால் இந்த வீட்டை விட்டு இப்போது எப்படி வருவேன்? அவள் இங்கே அல்லவா வந்துகொண்டிருக்கிறாள்.

மொத்தம் பதின்மூன்று படங்கள். நான் வாங்கிய வரிசைப்படி அவற்றைத் தரையில் அடுக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் மலையடிவாரத்தில் எறும்பு மாதிரி, இரண்டு மில்லிமீட்டர். அடுத்ததில் மூன்று. பிறகு ஐந்து. கடைசியாகக் கணவாயில் இருபது. புரிகிறதா? தூரத்திலிருந்து நடந்து வருகிறாள். இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தால் திரும்பிவிடுவாள் என்று தோன்றுகிறது. காலையில் அறைக்குள் போகும்போது தொண்டையைச் செருமிவிட்டுத்தான் போகிறேன். திடுதிப்பென்று நுழைந்தால் அவளுக்குப் பிடிக்காது.

என் பிரமை என்று நீ நினைப்பாய். 'பழசு' வந்திருந்தார். ஊரே அப்படிக் கூப்பிடும் படக்கடைக்காரர், என் படங்களில் பாதி அவரிடம் வாங்கியவைதான். அவர் கண்ணுக்கும் தெரிகிறாள். "சார், இது ஒண்ணு கல்லுல இருக்கணும், இல்ல எவனோ கையில போட்டிருக்கணும். தண்ணியில ஊறவச்சா தெரிஞ்சுபோகும். கல்லச்சு மை எண்ணெய் மை, தண்ணிக்கு அசையாது. கையில போட்டதுன்னா கரைஞ்சிடும்" என்றார். பழுப்புக் கறை எடுக்க நானே எத்தனையோ படங்களைத் தண்ணீரில் போட்டிருக்கிறேன், அதனால் படத்துக்குக் கெடுதல் இல்லை.

அவள் கரைய மாட்டாள். எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் உனக்கும் பழசுக்கும் நிரூபிக்க வேண்டும். முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கணவாய்ப் படத்தைத் தண்ணீரில் இறக்கப்போகிறேன். கிட்டே வந்து நிற்பவள் அதில்தான் இருக்கிறாள். அதற்குள் உன் கருத்தை எழுது.

அத்தான்

மார்ச் 27

அத்தான்,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. தண்ணீரில் போடாதீர்கள். மீதியைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, தண்ணீரில் மட்டும் போடாதீர்கள்.

இதற்கு முன்னால் நாலு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். மஞ்சள் மை இருட்டில் எழும்பும் என்று எழுதினேனே, அது பச்சைப் பொய். நீங்கள் அழுதேன் என்று எழுதிய கடிதத்தைப் படித்த பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அக்கா திரும்பி வந்துவிட்டாள் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். தண்ணீர் என்றதும்தான் ஆடிப்போனேன்.

அதையெல்லாம் வரைந்தது அக்காதான். உயிரோடு இருந்தபோது.

பத்து வருஷத்துக்கு முன்னால் எனக்கு எழுதினாள். "உன் அத்தான் தினம் ரெண்டு மணி நேரம் அந்த ரூம்ல உட்கார்ந்து படத்தைப் பார்க்கறாருடா. இந்த வீட்டுல அவர் கண்ணு நிக்கிற இடம் அது ஒண்ணுதான். நானும் அங்கே போய் நின்னு பார்க்கலாம்னு இருக்கேன். கொஞ்சம் கலர் அனுப்பு." எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல விளையாட்டு என்று அனுப்பினேன். கல்லச்சுப் புள்ளி எப்படி விழும், அதே மாதிரி நுனித் தூரிகையால் எப்படிப் புள்ளி வைக்கலாம் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'பூதக்கண்ணாடி'. பூதக்கண்ணாடி எத்தனை நாளில் கண்டுபிடிக்கும் என்று பந்தயம் கட்டினோம். நான் ஒரு வாரம் என்றேன். அவள் இரண்டு நாள் என்றாள்.

முகம் வரையத் தெரியாததால் முதுகை வரைந்தாள். இரண்டு கண்ணாடிகளை எதிரும் புதிருமாக வைத்து, முதுகைப் பார்த்துப் பார்த்து வரைவதாகவும் கழுத்துப் பிடித்துக்கொண்டதாகவும் எழுதினாள். உங்கள் படத்தைக் கெடுக்கக்கூடாது என்பதில் மட்டும் குறியாக இருந்தாள். எண்ணெய் மை வேண்டாம், கோந்தில் குழைக்கிற தண்ணீர் வண்ணமே போதும் என்றாள். "அவருக்குப் பிடிக்கலேன்னா தண்ணியில நனைச்சா போதும், நான் போயிடுவேன்" என்று எழுதியிருக்கிறாள். அந்தக் கடிதம் என் முன்னால் இருக்கிறது.

நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு புதுப் படம் வந்ததும் அதில் இன்னும் கொஞ்சம் பெரிதாக நின்றாள். "இன்னிக்குக் கண்ணாடியை என்மேலயே வச்சார்டா. அப்படியே நகர்த்திட்டுப் போயிட்டார்" என்று ஒரு கடிதம். அப்புறம் கடிதங்களில் சிரிப்புக் குறைந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டும் கலர் அனுப்பிக்கொண்டே இருந்தேன். அத்தானிடம் ஒரு வார்த்தை போட்டு வைப்போம் என்று எனக்குத் தோன்றவில்லையே என்று இப்போது அடித்துக்கொள்கிறேன்.

பதினான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரிது. "சுண்டுவிரல் நீளம் நிக்கறேன், இனிமே பார்க்காம இருக்க முடியாது" என்று எழுதினாள். அதற்குப் பிறகு அவள் கலர் கேட்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன். பதில் எழுதவில்லை.

நீங்கள் பதின்மூன்று என்கிறீர்கள். இன்னொன்று எங்கே என்று தெரியவில்லை. இருக்கிற பதின்மூன்றையாவது பத்திரமாக வையுங்கள்.

மச்சான்

மார்ச் 31

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் வரும் என்று சனிக்கிழமை வரை பார்த்தேன். வரவில்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே?

நேற்றுக் காலை பத்து மணிக்குத் தண்ணீரில் இறக்கினேன். பெரிய எனாமல் தட்டு, வெதுவெதுப்பான தண்ணீர். பழசும் கூட இருந்தார். தாள் முதலில் மிதந்தது, பிறகு மெதுவாகத் தாழ்ந்தது. மலை அசையவில்லை. வானம் அசையவில்லை. பாறை, பாதை, பாதையோரத்துப் புல் எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு நிமிஷம் அவளும் நின்றாள். நான் பழசைப் பார்த்துச் சிரித்தேன்.

அப்போது போர்வை ஓரத்தில் ஒரு மஞ்சள் இழை பிரிந்தது. பிறகு இன்னொன்று. அவசரத்தில் கையைத் தண்ணீருக்குள் விட்டேன், பிடிப்பதற்கு. நீ சிரிக்காதே. விரல் பட்டதும் இன்னும் சீக்கிரம் கலைந்துவிட்டாள். பழசு "சார், கையை எடுங்க, கையை எடுங்க" என்று கத்தினார். தாளைத் தூக்கி ஒற்றுத்தாளில் போட்டபோது பாறைக்குக் கீழே வெறும் பாதைதான் இருந்தது. திரும்பாமலேயே போய்விட்டாள்.

தட்டில் இருக்கிற தண்ணீரைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. அறையிலேயே வைத்திருக்கிறேன். லேசான மஞ்சளாக இருக்கிறது. மற்றப் பன்னிரண்டையும் தொடவில்லை.

கரைந்தது என்றால் யாரோ கையால் போட்டது என்று அர்த்தம். யார் என் வீட்டுக்குள் வந்து இதைச் செய்திருக்க முடியும்? என்னால் யோசிக்க முடியவில்லை. நீ யோசித்து எழுது.

அத்தான்

ஏப்ரல் 8

அத்தான்,

என் கடிதம் உங்கள் கைக்கு ஒன்றாம் தேதியோ இரண்டாம் தேதியோ வந்து சேர்ந்திருக்கும். இரண்டு நாள் முன்னால் வந்திருக்க வேண்டியது.

தந்தி அடித்திருக்கலாம். 'கழுவாதீர்கள்' என்று ஒரே வார்த்தை. தந்தி அலுவலகம் எங்கள் அச்சகத்துக்கு எதிர்வரிசையில்தான் இருக்கிறது. வாசல்படி வரை போனேன். அந்த ஒரு வார்த்தையை எழுதிக் கொடுத்தால் ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள், பிறகு எல்லாம் சொல்ல வேண்டிவரும் என்று திரும்பி வந்துவிட்டேன். பதினைந்தாம் தேதி, உங்கள் கடிதம் வந்த அன்றே, சொல்லியிருக்க வேண்டியதை இருபத்தேழாம் தேதி சொன்னேன்.

என்னைத் திட்டி எழுதுங்கள். எத்தனை பக்கம் வேண்டுமானாலும் திட்டுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டு உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு கார்டு போட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மச்சான்

ஜூன் 17

அன்புள்ள மச்சானுக்கு,

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ போட்ட மூன்று கார்டுகளும் கிடைத்தன. பக்கத்து வீட்டுக்காரர் தினம் வந்து என் சமையலை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். போலீஸ் மாதிரி. உடம்பு நன்றாகவே இருக்கிறது. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

உன்னைத் திட்டமாட்டேன். நீ தாமதித்தது பன்னிரண்டு நாள். என் கணக்கு அப்படி இல்லை.

தட்டுத் தண்ணீர் வற்றிவிட்டது. அடியில் மஞ்சளாக ஒரு படிவம், விரலால் தொட்டால் ஒட்டுகிற அளவு. தட்டைத் துணி போட்டு மூடி அலமாரியில் வைத்திருக்கிறேன். அறைக்குப் போகும்போது இப்போதும் செருமுகிறேன், பழகிவிட்டது. இதுவரை அவள் வந்துகொண்டிருக்கிறாள் என்று இருந்தேன். இப்போது, அவள் இத்தனை நாளும் அங்கேயே நின்றாள் என்று தெரிந்தபிறகுதான், அந்த அறைக்குள் போக எனக்குப் பயமாக இருக்கிறது. பன்னிரண்டு முதுகுகள். நான் ஒவ்வொன்றின் எதிரிலும் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன்.

பதினான்காவது எங்கே என்று கேட்டாய். உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கே எனக்கு நினைவு வந்துவிட்டது. அதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பழசு ஓர் ஏரிப் படம் கொண்டுவந்தார். வெறும் ஏரி, எதிர்க்கரையில் மலை. நல்ல பிரதி. வாங்கினேன். பத்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது கரையோரமாக ஒருத்தி நின்றாள். ஆமாம், பார்த்தேன். ஒரே ஒரு தடவை நான் அவளைப் பார்த்தேன் மச்சான்.

கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வாங்கும்போது எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று என்மேலேயே கோபம். "பழுதுபட்ட பிரதியை என் தலையில கட்டிட்டான்" என்று கத்தினேன். உன் அக்கா வாசற்படியில் வந்து நின்றாள். "ஏங்க, அந்த ஆளு இருந்தா என்ன? நல்லாத்தானே இருக்கு?" என்றாள். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "இவளை யாரு இங்க கேட்டா? அருமையான ஏரி. வந்து நின்னு கெடுத்துட்டா."

அன்று சாயங்காலமே பழசிடம் திருப்பி அனுப்பினேன். பழுப்புக் காகிதம் சுற்றி, நூல் போட்டு, முடிச்சு இழுத்துக் கட்டிக் கொடுத்ததும் அவள்தான். அப்போது அதே போர்வையைத்தான் போர்த்தியிருந்தாள் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் ஏன் கலர் கேட்பதை நிறுத்தினாள் என்று இனிமேல் நீ யோசிக்க வேண்டாம்.

அத்தான்

ஜூன் 28

அத்தானுக்கு,

நாங்கள் நலம்.

உங்கள் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் உங்களுக்கு இனி எழுதவே கூடாது என்று இருந்தேன். அவள் அந்த நூலைக் கட்டியதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. உங்களைத் தேற்ற வேண்டியது என் கடமைதான், ஆனால் இந்தத் தடவை என்னால் முடியாது. அவள் எனக்கு அக்கா.

என் வீட்டுக்காரிதான் சொன்னாள், "அவரைத் திட்டறதுன்னா நேர்ல போய்த் திட்டுங்க, லெட்டர்ல திட்டினா அவர் அதையும் கண்ணாடி வச்சுப் படிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார்" என்று. அச்சகத்தில் விடுப்புக் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் செப்டம்பரில் வருவேன்.

அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். பழசு அந்த ஏரிப் படத்தை யாருக்காவது விற்றிருப்பார். பழுதுபட்ட பிரதி என்று நீங்களே திருப்பிக் கொடுத்ததால் அவர் மறந்திருக்க மாட்டார். தேடுங்கள். யாராவது அதைத் தண்ணீரில் போடுவதற்கு முன்னால் கண்டுபிடியுங்கள்.

மச்சான்

ஆகஸ்ட் 14

அன்புள்ள மச்சானுக்கு,

நலமாக இருக்கிறேன். விடுப்புக் கிடைத்துவிட்டது என்று நீ போட்ட கார்டு வந்தது, மகிழ்ச்சி. முன்னறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். திட்டுவதற்கு வசதியான நாற்காலியும் இருக்கிறது.

ஏரிப் படம் கிடைத்துவிட்டது. பழசு அதை அதே வருஷம் ஒரு தையல்காரிக்கு விற்றிருக்கிறார். கடை வைத்திருப்பது நம் வீட்டிலிருந்து எட்டுத் தெரு தள்ளி. போன புதன்கிழமை பழசையும் கூட்டிக்கொண்டு போனேன். திருப்பித் தரச்சொல்லிக் கேட்பது என்று முடிவு செய்துதான் போனேன்.

சின்ன அறை. ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், அதற்கு நேர் மேலே சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கண்ணாடிமேல் ஒரு பொட்டுத் தூசி இல்லை. தையல்காரிக்கு ஐம்பது வயது இருக்கும். நான் பழைய படம் சேர்ப்பவன் என்று மட்டும் பழசு சொன்னார்.

"அந்தப் படம் குடுக்கறதுக்கு இல்லைங்க" என்றாள், நான் வாயைத் திறக்கும் முன்பே. "பழுதுன்னு இவர் மலிவாக் குடுத்தார். எனக்கு ஏரியும் வேணாம், மலையும் வேணாம். இந்த அம்மா நிக்கிறாங்கன்னுதான் வாங்கினேன். நாள் முழுக்க இந்த மெஷின்லயே குனிஞ்சு கிடக்கறேன். நிமிர்ந்தா ஒரு ஆள் வேணும்ல?"

கிட்டே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். பார்க்கச் சொன்னாள். பூதக்கண்ணாடி பையில் இருந்தது. எடுக்கவில்லை. சுண்டுவிரல் நீளம் நிற்கிறாள். போர்வை நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்திருக்கிறாள். காலடியில் கூழாங்கற்கள் மாதிரிச் சின்னச் சின்னப் புள்ளி வைத்து, நிழல்கூடப் போட்டிருக்கிறாள். உன் பாடம் வீண்போகவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பழசு போய்விட்டார். தையல்காரி இரண்டு சட்டைக்குக் கழுத்துத் தைத்து முடித்துவிட்டாள்.

பிறகு அவளே எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று சொன்னாள். "இந்த அம்மாவுக்கு இடது தோள் ஒரு பக்கமா இறங்கியிருக்கு, கவனிச்சீங்களா? இப்படி இருக்கிறவங்களுக்கு அளவெடுக்கும்போதே பார்த்துக்கணும். ரெண்டு தோளுக்கும் ஒரே வெட்டு வெட்டினா சட்டை நிக்காது. வரைஞ்சவர் நல்லா உத்துப் பார்த்து வரைஞ்சிருக்கார். யாரோ பிரியமானவராத்தான் இருக்கும்."

நான் பார்த்தேன். இறங்கித்தான் இருக்கிறது.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருப்பாள். எனக்கு ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை மச்சான். முப்பத்தொரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவன். படி இறங்கி வந்துவிட்டேன். படத்தைக் கேட்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து மற்றப் பன்னிரண்டையும் எடுத்துப் பார்த்தேன். மிகச் சிறியவை, ஒன்றும் தெரியவில்லை. அவளுடைய புகைப்படங்களைத் தேடினேன். நான் எடுத்தவற்றில் அளவைக் கம்பங்களும் மலைகளும்தான் இருக்கின்றன. அவள் இருக்கிற ஒன்றிரண்டிலும் பாதி ஆள் வெட்டுப்பட்டிருக்கிறாள். பழைய சட்டைகளை எடுத்து விரித்துப் பார்த்தேன். எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

செப்டம்பர் வரை காத்திருக்க என்னால் முடியாது, அதனால் இப்போதே கேட்கிறேன். நீ அவளோடு சின்ன வயதிலிருந்து வளர்ந்தவன். உன் அக்காவுக்கு இடது தோள் இறங்கியிருக்குமா? தெரிந்தால் உடனே ஒரு கார்டு போடு.

அத்தான்